கத்திரி வெயிலில் கொள்ளு ரசம்

நவநீதனுக்குச் சாப்பாடு என்றால் அது ராத்திரிச் சாப்பாடுதான். காலையில் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் விழுங்கிய இட்லியும், மதியம் கேன்டீனில் பெயருக்குக் கொறித்த சோறும் அவர் கணக்கில் சேராது. ஆம்பூரில் கிளம்பும் பஸ் மாதனூர் தாண்டி, பள்ளிகொண்டாவில் திரும்பி, அணைக்கட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் அவருடைய ஊர் முனையில் இறக்கிவிடும்போது நன்றாக இருட்டியிருக்கும். கை கால் கழுவிக்கொண்டு டிவிக்கு முன்னால் உட்கார்ந்தால் மனைவி ஜோதி தட்டு வைப்பாள். சோறு குன்று மாதிரி நிற்க வேண்டும். குழம்பு அதைச் சுற்றி ஓட வேண்டும். சாப்பிட்ட இடத்திலேயே சாய்ந்து, செய்தி வாசிக்கிறவர் பாதி சொல்லிக்கொண்டிருக்கும்போதே குறட்டை விடத் தொடங்குவார். உழைக்கிறவனுக்கு வேறு என்ன சுகம் இருக்கிறது என்று நாற்பத்து நாலு வயது வரை கேட்டுக்கொண்டிருந்தார். யாரும் பதில் சொல்லவில்லை.

பதில் தங்கை வழியாக வந்தது.

சோபனா அவருக்கு ஒரே தங்கை. திமிரியில் வாழ்க்கைப்பட்டவள். அவளுக்கு ஷூ கம்பெனியில் வேலை. நாள் முழுக்கத் தையல் மிஷினில் குனிந்தபடி இருப்பாள். தலைவலி வந்தால் மெடிக்கல் ஷாப்பில் ஒரு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு மறுபடியும் குனிந்துகொள்வாள். அந்தத் தலைவலிக்குப் பின்னால் ரத்த அழுத்தம் இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. முகமும் காலும் வீங்கி, வேலூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபோது அவளுடைய இரண்டு சிறுநீரகங்களும் ஏறக்குறைய ஓய்ந்துபோயிருந்தன. அன்றிலிருந்து வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ். குடிக்கத் தண்ணீர் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று ஒரு குட்டி பாட்டில். அதில் மூடி மூடியாக ஊற்றி நாக்கை நனைத்துக்கொள்வாள்.

பார்க்கப் போன அண்ணனிடம் ஒருநாள் சொன்னாள்: "சோறுகூட வேணாம்ணா. ஒரு சொம்பு தண்ணி. அண்ணாந்து, மூச்சு வுடாம, கடகடன்னு குடிக்கணும். கனவுல கூட அதான் வருது."

சிறுநீரகம் கொடுக்கலாம் என்றால் அவள் புருஷனுக்கு ரத்த வகை சேரவில்லை. அம்மாவுக்குச் சர்க்கரை நோய். மிச்சம் இருந்தது நவநீதன். அவருக்கு எல்லாம் சேர்ந்தது, ஒன்றைத் தவிர.

"உங்க சர்க்கரை எல்லைக்கோட்டுல நிக்குது. பிரஷரும் அப்படித்தான். எடை ரொம்ப ஜாஸ்தி" என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். "இந்த நிலைமையில ஒரு கிட்னியை எடுத்தா, மிச்ச ஒண்ணு உங்களுக்கே தாங்குமான்னு சொல்ல முடியாது. கோடை முடியறதுக்குள்ள இறக்கிட்டு வாங்க, மறுபடியும் பார்க்கலாம். மாத்திரை போட்டு இறக்கினா ஒத்துக்க மாட்டோம். லேகியம், சூரணம்னு எதையாவது தின்னுட்டும் வராதீங்க."

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜோதி ஜன்னலைப் பார்த்தபடியே பேசினாள்.

"நான் வேணாம்னு சொல்ல மாட்டேங்க. சோபி எனக்கும் தங்கச்சி மாதிரிதான். ஆனா ரெண்டா இருக்கறது ஒண்ணா ஆவப் போவுது. அந்த ஒண்ணையாவது ஒழுங்கா வச்சிக்கத் தெரியுமா உங்களுக்கு? அதைக் காட்டுங்க மொதல்ல. அப்பறம் எங்க வேணா கையெழுத்து போடறேன்."

கார்த்திகை மாதம் அது. கையில் இருந்தது ஒரு பனிக்காலமும் ஒரு கோடையும்.

வழி காட்டியது தபரேஸ். நவநீதனுக்குப் பக்கத்து மிஷினில் வேலை செய்கிற தோஸ்த். "பஜார்ல செருப்புக் கடை மாடியில ஒரு ஆயுர்வேத டாக்டர் இருக்குதுபா, ஹீனான்னு. மருந்தே குடுக்க மாட்டேங்குது. காலைல எந்திரி, ராத்திரி சீக்கிரம் சாப்டுன்னு அதட்டித்தான் அனுப்புது. என் வீட்டுக்காரி, 'இதைத்தான நான் வருசக்கணக்கா ஓசியில சொல்றேன், அங்க போய் பீஸ் குடுத்து கேட்டியா'ன்னு சண்டைக்கு வந்துட்டா. ஆனா எனக்கு ஏப்பம் நின்னுபோச்சு."

மருந்து கொடுக்காத டாக்டர். அதைத்தானே வேலூரிலும் கேட்டார்கள்.

டாக்டர் ஹீனாவுக்கு முப்பதுக்குள்தான் வயது. நாடி பார்த்தாள். நாக்கை நீட்டச் சொன்னாள். எப்போது தூங்குகிறார், எப்போது பசிக்கிறது, கழிவு ஒழுங்காகப் போகிறதா என்று வெட்கப்படாமல் கேட்டாள், வெட்கப்பட்டது நவநீதன்தான். கடைசியில், "என்ன வேலை செய்றீங்கண்ணா?" என்றாள்.

நவநீதன் தயங்கினார். அவர் வேலை தோல் பதனிடும் டேனரியில். ஈரத் தோலை, ஓட்டை போட்ட இரும்புச் சட்டத்தில் நாலு பக்கமும் இழுத்து, கிளிப் மாட்டி, அனல் அறைக்குள் தள்ளிக் காயவைப்பது. டாகிளிங் என்பார்கள். இது வரை எந்த டாக்டரிடம் டேனரி என்று சொன்னாலும், சளியாக இருந்தாலும் சரி, முட்டிவலியாக இருந்தாலும் சரி, "முதல்ல அந்த வேலையை விடுங்க" என்றுதான் வைத்தியம் ஆரம்பிக்கும். வேலையை விட்டுவிட்டுச் சோற்றுக்கு எங்கே போவது என்பதை யாரும் எழுதித் தருவதில்லை. இந்தப் பெண்ணும் அதையே சொல்லிவிட்டால், இருக்கிற ஒரே வழியும் அடைந்துபோகும்.

"ஸ்டோர்ல இருக்கறேன் டாக்டரம்மா. உக்காந்து செய்யற வேலைதான்."

அவருடைய தொப்பை அதற்குச் சாட்சி சொன்னது. ஹீனா நம்பிவிட்டாள்.

"அப்படின்னா உடம்பு நல்லா அசையணும். சூரியனுக்கு முன்னாடி எந்திரிங்க. நாக்கை வழிச்சுட்டு வெந்நீர் குடிங்க. வேகமா நடங்க. நெத்தியில வேர்வை துளிர்த்ததும் நிறுத்திடணும், மூச்சு வாங்கற வரைக்கும் போகக் கூடாது. உடம்புக்கு இருக்கற பலத்துல பாதிதான் செலவு பண்ணணும். அப்புறம் நல்லெண்ணெய் தேய்ச்சு வெந்நீர்ல குளியல். பெரிய சாப்பாடு மதியம், சூரியன் உச்சியில இருக்கும்போது. ராத்திரி சாப்பாடு பொழுது சாயறப்பவே, அதுவும் கம்மியா. இனிப்பு, மைதா வேணாம். தினமும் கொள்ளு ரசம் வச்சுக்குங்க. பகல் தூக்கம் கூடவே கூடாது." எழுந்து நின்றவரைக் கை காட்டி உட்காரவைத்தாள். "இதெல்லாம் பனிக்காலத்துக்குச் சொன்னது. மாசி கடைசியில வாங்க, வெயிலுக்கு வேற சொல்றேன். பழசை ஒரே நாள்ல விடக் கூடாது, புதுசை ஒரே நாள்ல பிடிக்கவும் கூடாது. காலம் மாறும்போது கொஞ்சம் கொஞ்சமா மாறணும்."

நவநீதன் தலையாட்டினார். கடைசி இரண்டு வாக்கியங்கள் மாடிப்படியிலேயே உதிர்ந்துபோயின.

மற்றதையெல்லாம் அவர் பிடித்துக்கொண்ட பிடியைப் பார்த்து ஜோதியே ஆடிப்போனாள். விடியாத மார்கழிப் பனியில் குல்லா போட்டுக்கொண்டு ஏரிக்கரையில் நடந்தார். எண்ணெய் மினுக்கும் உடம்போடு கொல்லைப்புறத்தில் நின்று வெந்நீர் கேட்டார். பொழுது சாயும்போது சாப்பிட வேண்டும் என்பதுதான் பெரிய பேஜாராக இருந்தது. அந்த நேரத்தில் அவர் பஸ்ஸில் அல்லவா இருப்பார்? யோசித்துப் பார்த்துவிட்டு, ராத்திரிச் சாப்பாட்டையும் காலையிலேயே டப்பாவில் கட்டித் தரச் சொன்னார். இரண்டு சப்பாத்தி, கொஞ்சம் கீரை. பஸ் மாதனூரை நெருங்கும்போது டப்பாவின் மூடி திறக்கும்.

"நவநீ அண்ணன் தொறந்துட்டாரு, எல்லாரும் வாட்சைச் சரி பண்ணிக்கோங்க" என்று பின் சீட்டுப் பெண்கள் சிரிப்பார்கள்.

"அண்ணே, ஜன்னல் சீட்டு, சாப்பாடு, காத்து. ரயில்லதான் போற நெனப்பு உனக்கு."

வீட்டுக்கு வந்தபின் தட்டு இல்லாத அந்த நேரம்தான் கொடுமையாக இருந்தது. முதல் சில நாட்கள் டிவியைப் பார்க்காமல் அடுப்படியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதுவும் பழகிப் போனது. சீக்கிரம் தூக்கம் வந்தது. குறட்டை குறைந்தது. "பக்கத்துல ஆள் இருக்கறதே தெரியல, பயந்துபோய் ரெண்டு வாட்டி தொட்டுப் பார்த்தேன்" என்றாள் ஜோதி.

பொங்கலுக்குத் தங்கைக்குச் சீர் கொண்டுபோனார். புடவை, மஞ்சள் கொத்து, அரிசி. கரும்பு மட்டும் இல்லை, அவளுக்குக் கூடாது. வாசலில் நின்ற சோபனா அண்ணனை மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னாண்ணா, பாதி ஆளைக் காணோம்? அண்ணி சோறு போடறாங்களா இல்லியா?"

"மிச்சத்தை உனக்குத்தான் எடுத்துவச்சிருக்கா."

சோபனா சிரித்தாள். வறண்ட உதடு வெடித்துவிடாமல் சிரிக்க அவள் பழகியிருந்தாள். "சீர்ல இன்னும் ஒரே ஒரு சாமான்தான் பாக்கி. அவசரமில்ல, பாத்து எடுத்துக்கினு வா."

மாசியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார். சர்க்கரை கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது. பெல்ட்டை எவ்வளவு இறுக்கியும் பேன்ட் நிற்காமல் உள்ளே மடித்துப் பிடிக்க வேண்டியிருந்தது. அந்தச் சந்தோஷத்தில்தான் தப்பு நடந்தது. நன்றாக ஓடுகிற மிஷினில் யாராவது கை வைப்பார்களா? டேனரிக்காரனுக்கு அது முதல் பாடம். டாக்டரிடம் போனால் எதையாவது மாற்றிவிடுவாள். அதோடு, மறுபடியும் அந்த ஸ்டோர் பொய்யைத் தூக்கிக்கொண்டு மாடி ஏற வேண்டும். அவர் போகவில்லை.

பங்குனி போய்ச் சித்திரை பிறந்தது. வெயில் குன்றுகள் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. பகலெல்லாம் வாங்கிய சூட்டை மொட்டைப் பாறைகள் ராத்திரி முழுக்கத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தன. நவநீதன் அப்போதும் வேகமாக நடந்தார். அப்போதும் நல்லெண்ணெய் தேய்த்து வெந்நீரில் குளித்தார். அப்போதும் கொள்ளு ரசம் குடித்தார். கத்திரி தொடங்கியபோது மறுபரிசோதனைக்குக் கொஞ்ச நாட்களே இருந்தன. ஒரு நடைக்கு இரண்டு நடையாக்கி, சாப்பாட்டை இன்னும் கொஞ்சம் குறைத்தார். பானைத் தண்ணீரைத் தொடவில்லை. வெந்நீர்தான், அதுவும் வாய் நனைகிற அளவு. நிறையக் குடிக்கத் தோன்றும்போதெல்லாம் சோபனாவின் குட்டி பாட்டில் கண்ணில் வந்து நிற்கும். சொம்பைக் கீழே வைத்துவிடுவார்.

"ஏங்க, இந்த வெயில்ல கொள்ளா? கண்ணெல்லாம் எப்படி செவந்திருக்குது பாருங்க" என்றாள் ஜோதி.

"டாக்டர் சொன்னது" என்றார்.

"குதிரை தினம் கொள்ளு துன்னுது, வாஸ்தவம்" என்றான் தபரேஸ். "ஆனா குதிரையை எவனும் டாகிளிங்ல நிக்க வைக்கல நவநீ."

அனல் அறையின் கதவு திறக்கும்போதெல்லாம் உள்ளேயிருந்து இன்னொரு கத்திரி வெளியே வரும். அன்று மதியத்துக்கு முன்னால் அந்தக் கதவு திறந்தபோது நவநீதனின் கையில் ஓர் ஈரத் தோல் இருந்தது. ஒரு பக்கம் கிளிப் மாட்டிவிட்டார். மறு பக்கத்தைத் தேடினார். சட்டத்தின் ஓட்டைகளெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து ஒரே ஓட்டையாகி, அதற்குள் அவர் போய்க்கொண்டிருந்தார்.

கண் விழித்தபோது கம்பெனி வேன் ஓடிக்கொண்டிருந்தது. தபரேஸின் மடியில் தலை. "ஹார்ட்டா இருக்குமோ" என்று யாரோ முன் சீட்டில் சொன்னது காதில் விழுந்தது. நவநீதன் தன் நெஞ்சைப் பற்றி நினைக்கவில்லை. 'போச்சு. சோபிக்குப் போச்சு' என்றுதான் நினைத்தார்.

வேலூரில் இதயத்துக்கு ஈசிஜி எடுத்துப் பார்த்தார்கள். பழுதில்லை. சர்க்கரை நன்றாக இருந்தது. ஜோதி சுவரில் சாய்ந்து மூச்சு விட்டாள். ஆனால் டாக்டர் இன்னும் முடிக்கவில்லை.

"சிறுநீரகம் எப்படி வேலை செய்யுதுன்னு காட்டற கிரியேட்டினின் அளவு ரத்தத்துல கொஞ்சம் ஏறியிருக்கு. உடம்புல தண்ணி வத்திப்போனா இப்படி ஏறும், அனேகமா இறங்கிடும். ரெண்டு வாரம் கழிச்சு பார்ப்போம். இறங்கலைன்னா தானம் கொடுக்கற பேச்சையே விட்டுடணும்."

டிரிப்ஸ் ஏறி முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பினார்கள். மறுநாளே தபரேஸ் அவரை ஹீனாவின் மாடிக்கு இழுத்துக்கொண்டு போனான்.

"மாசி கடைசியில வரச் சொன்னேனேண்ணா" என்றாள் ஹீனா. "உட்கார்ந்த வேலையில இருக்கறவருக்கு இவ்வளவு சூடு எப்படி ஏறும்?"

"யாரு, இவனா உக்காந்தான்?" தபரேஸ் முந்திக்கொண்டான். "பன்னெண்டு மாசமும் அனல் முன்னாடி நிக்கறான் டாக்டர். டேனரில என் பக்கத்து மிஷினு. இவன் உக்காந்து நான் பார்த்ததே பஸ்லதான்."

ஹீனா பேனாவை மூடி வைத்தாள். நவநீதன் தன் கால் விரல்களைப் பார்த்தார்.

"டேனரின்னு சொன்னா நீங்களும் வேலையை விடுன்னு சொல்லிடுவீங்களோன்னு..."

"எங்கப்பா தோல் வியாபாரம் பண்ணித்தாண்ணா என்னைப் படிக்க வச்சாரு. நான் எந்த வாயால வேலையை விடச் சொல்வேன்?" கோபமாகத்தான் தொடங்கினாள், பாதியில் சிரிப்பு வந்துவிட்டது. "உங்களுக்கு ரெண்டு கோடை. ஊருக்கு வர்றது ஒண்ணு, மிஷின்ல இருந்து வர்றது ஒண்ணு. நீங்க ரெண்டுக்கும் பனிக்கால வைத்தியம் பண்ணியிருக்கீங்க. தோல் காயணும்னா அனல் அறையில வைக்கலாம். நீங்க ஏன் காயறீங்க?"

கொள்ளு அன்றோடு நின்றது. மற்றது கொஞ்சம் கொஞ்சமாக. விடியலில் மெதுவாக, வேர்க்கும் முன்பே திரும்பிவிடுகிற நடை. குளிப்பதற்குப் பச்சைத் தண்ணீர், எண்ணெய் வாரத்துக்கு ஒரு முறை. பாசிப்பருப்பு, புடலங்காய், பூசணி. தாகம் எடுப்பதற்கு முன்பே பானைத் தண்ணீரும் நீர்மோரும். கோடைக்கு மட்டும் சலுகையாக, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு குட்டித் தூக்கம்.

"பகல்ல தூங்கலாமா!" என்று தபரேஸ் வாயைப் பிளந்தான். "டாக்டர், எனக்கும் அதையே எழுதிக் குடுங்க."

"உங்களுக்கு இல்ல. நீங்க அவரோட இடம் மாத்தி நில்லுங்க. ஒரு மணி நேரம் அவர் அனல்கிட்ட, அடுத்த ஒரு மணி நேரம் நீங்க."

தபரேஸ் வழியெல்லாம் முனகிக்கொண்டே வந்தான். ஆனால் நவநீதன் வேலைக்குத் திரும்பிய நாளிலிருந்து, அனல் அறைப் பக்கம் நேரமாகிவிட்டால் பின்னால் வந்து தோளில் தட்டுவான். "நவுருபா. போய் வெளிய தோல் அடுக்கு. மோர் வாளில எனக்கும் கொஞ்சம் வை." சூப்பர்வைசர் பார்த்தும் பார்க்காத மாதிரி போனார். மதியம் கேன்டீன் பெஞ்சில் நவநீதன் கண் அசரும்போது, கூட வேலை செய்கிற பிள்ளைகள் பேச்சைத் தணித்துக்கொண்டார்கள்.

இரண்டு வாரம் கழித்து வேலூரில் ரத்தம் கொடுத்துவிட்டு வராந்தாவில் உட்கார்ந்தார்கள். ஜோதி முந்தானை நுனியைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தாள். கூப்பிட்டதும் அவள்தான் நவநீதனைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனாள்.

"இறங்கிடுச்சு" என்றார் டாக்டர். "சுத்தமா இருக்கு. சர்க்கரை, பிரஷர், எடை எல்லாமே. மாத்திரை எதுவும் இல்லையே? சரி. நாங்க மேல ஏற்பாடு பண்றோம்."

வெளியே வந்து, ஒரு பழக்கடையின் நிழலில் நின்று, நவநீதன் திமிரிக்கு போன் போட்டார். மறுமுனையில் சோபனா, "சொல்லுண்ணா" என்றாள். அவர் "சோபி, சோபி" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். ஜோதி போனைப் பிடுங்கினாள்.

"சோபி, உங்கண்ணன் பாஸாயிட்டாரு. சொம்பை வெளக்கி வை."

அந்தப் பக்கத்திலிருந்து அழுகை கேட்டது. அந்த அழுகை எப்போது சிரிப்பானது என்று கடை நிழலில் நின்ற இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

ஆனியில் ஆபரேஷன் நடந்தது. ஆடியும் ஆவணியும் இருவரும் தேறுவதில் போயின. அனல் அறைக்கு இனி நவநீதனை அனுப்ப வேண்டாம் என்று தபரேஸே சூப்பர்வைசரிடம் சண்டை போட்டு, தோலைத் தரம் பிரிக்கிற மேஜைக்கு மாற்றவைத்தான். "இப்பதான்பா நீ டாக்டர்கிட்ட சொன்ன பொய் நிஜமாச்சு. உக்காந்து சாவு" என்றான். அவன் ஆசீர்வாதமெல்லாம் அப்படித்தான் இருக்கும். கையிலிருக்கும் ஒரே சிறுநீரகத்துக்காக நவநீதன் இப்போது ஒவ்வொரு பருவம் மாறும்போதும் ஹீனாவின் மாடி ஏறுகிறார். மழைக்கு இஞ்சியும் வெந்நீரும் திரும்ப வந்திருக்கின்றன. பஸ்ஸில் பொழுது சாயும்போது இப்போது நாலைந்து டப்பாக்கள் திறக்கின்றன.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு மதியம் திமிரிக்குப் போனார். சோபனா மாஸ்க் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தாள். முகத்தில் வீக்கமில்லை, அம்மாவின் பழைய முகம் அதில் திரும்பி வந்திருந்தது.

"அண்ணா, உன்னாலதான் எனக்கு இந்தப் பேஜாரு" என்றாள் எடுத்த எடுப்பில். "தண்ணி குடி, தண்ணி குடின்னு டாக்டர் உயிரை எடுக்கறாரு. காலையில இருந்து குடிச்சிக்கினே இருக்கறேன். வயிறு பானையாட்டம் ஆயிட்டுது. போதும்னு நீயாவது சொல்லுண்ணா."

"எங்க, குடி பாக்கலாம்."

அவள் மாஸ்க்கை இறக்கினாள். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரைச் சொம்பு நிறைய ஊற்றினாள். அண்ணாந்தாள். மூச்சு விடாமல், கடகடவென்று, தொண்டை ஏறி ஏறி இறங்கக் குடித்தாள். ஒரு துளி கழுத்தில் ஓடிச் சேலையில் இறங்கியது. சொம்பைக் கவிழ்த்துக் காட்டினாள்.

நவநீதன் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருக்கு அப்போதுதான் தாகம் எடுத்தது.

"எனக்கும் ஒரு சொம்பு மொண்டு வா" என்றார்.